எடுப்புக்குப் போட்ட சேலை

மலையாள நாட்டுச் சாலைக் கடைத்தெருவில் துணிக்கடையில் நின்றவர்களுக்கு எடுப்பு என்ற சொல்லைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லப் போனால் எனக்கு நாக்குக் குழறும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். புத்தகத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் போட்டிருக்கிறார்கள் என்று தெரியாது. எனக்கு அது கையால் தெரிந்த சொல்.

வெள்ளை விரிப்பின் மேல் ஒரு அரக்குச் சேலையைப் போடுங்கள். அது அரக்கு, அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மா அடுத்ததைக் காட்டு என்பதுபோல் முகத்தை வைத்திருப்பாள். அந்த அரக்கின் பக்கத்தில் ஒரு கரும்பச்சையைப் போட்டால் அதே அம்மா முன்னால் குனிவாள். "இது எடுப்பா இருக்கே" என்பாள். எதைச் சொல்கிறாள் என்று அவளையே கேட்டால் தெரியாது. அரக்கையும் தொடுவாள், பச்சையையும் தொடுவாள். கடைசியில் இரண்டும் சேர்ந்த சேலை இருக்கிறதா என்று கேட்பாள்.

கரமனை, வலியசாலைப் பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் இந்தச் சொல்லோடுதான் கடை ஏறுவார்கள். மலையாளப் பெண்களுக்கு வேறு ருசி. உடம்பு ஒரு நிறம், கரை அதற்கு எதிர்நிறம் என்று போட்டுக் காட்டினால் கையை ஆட்டிவிடுவார்கள். "அய்யோ, கடுத்துப் போயி. கொறச்சு ஒதுக்கமுள்ளது எடுக்கூ" என்பார்கள். ஒதுக்கம் என்றால் அடக்கமானது, கண்ணை உறுத்தாதது. ஒரே கடையில் ஒரே நாளில் எடுப்புக்கும் ஒதுக்கத்துக்கும் நடுவே கை போய்ப் போய் வரும். பிற்பாடு கல்லூரிப் பெண்கள் வந்து கான்ட்ராஸ்ட் என்றார்கள். அவர்கள் பிளவுசுக்கு எதிர்நிறம் கேட்டார்கள். ஏறக்குறைய அதே பொருள்தான். ஆனாலும் எனக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. அதில் தூக்கி எடுக்கிற வேலை இல்லை.

எடுப்பை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்று யாரையும் சொல்ல முடியாது. பக்கத்தில் நின்றேன், தெரிந்துகொண்டேன். நான் நின்றது ஒருவருக்குப் பக்கத்தில்.

அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். நாஞ்சில் நாட்டுக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கரமனை ஆற்றை ஒட்டி வாடகை வீட்டில் மனைவியோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை. நான் திருநெல்வேலிப் பக்கம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தக் கடைக்கு வேலைக்கு வந்தேன். கடைக்கு மேலேயே எங்களைப் போன்ற ஆட்கள் தங்க ஒரு அறை.

வந்த புதிதில் பெண்களின் முகத்தைப் பார்த்துப் பேச என்னால் முடியவில்லை. என்ன விலை என்று கேட்டால் சேலையைப் பார்த்துச் சொல்வேன். சத்தம் அவர்கள் காதுக்கு எட்டாது. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு முதலாளி, "வே, நீ குடோனுக்குப் போயிரு. உன்னை வச்சு யாவாரம் பாத்தா நான் ஊருக்குப் போக வேண்டியதுதான்" என்றார். முதலாளியும் எங்கள் பக்கத்து ஆள்தான். பேச்சு கடுமையாக இருக்கும், ஆள் கடுமை இல்லை.

அப்போது அண்ணாச்சி, சேலை விரித்துக் காட்டுகிற மெத்தையில் இருந்தபடியே சொன்னார். "மொதலாளி, இவன் எனக்கு இருக்கட்டும். நான் விரிக்கேன், இவன் மடிக்கட்டும். எனக்கு மடிக்க நேரமே இல்ல கேட்டியளா, வாய் ஓயமாட்டேங்கு."

அப்படி அமைந்தது எங்கள் வேலை. அவர் கேட்கிற சேலையை நான் அலமாரித் தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். அவர் ஒரு உதறு உதறி விரித்துப் பேசுவார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வேண்டாம் என்று தள்ளியதை நான் மடித்துவிடுவேன். நாள் முழுக்க அவர் திறந்ததை நான் மூடிக்கொண்டிருந்தேன். முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துச் சிரிப்பார். "ஒருத்தன் வாய மூட மாட்டான், ஒருத்தன் தொறக்க மாட்டான். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னாத்தாம்வே எடுப்பு."

அண்ணாச்சியின் சத்தம் தெருமுனையில் வாழைக்குலை விற்கிறவனுக்குக் கேட்கும். வெற்றிலை போட்ட வாய். தமிழில் தொடங்குவார், மலையாளத்தில் விலை சொல்வார், முடிக்கும்போது எந்த மொழி என்று அவருக்கே தெரியாது. ஒரு தடவை கரமனையிலிருந்து ஒரு தாயும் மகளும் கல்யாணச் சேலை எடுக்க வந்தார்கள். ஒன்றும் பிடிக்கவில்லை. அண்ணாச்சி கையிலிருந்த சேலையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"அம்மா, மாப்பிள்ளை கறுப்பா செவப்பா?"

"கறுப்புத்தான். அதுக்கென்ன?"

"பொண்ணு?"

"எதிர்லதான இருக்கா. பாருங்க."

"அப்பம் மாப்பிள்ளையே எடுப்பு. சேலைய எதுக்கு இந்தத் தேடு தேடுதிய?"

தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகள் தலையைக் குனிந்துகொண்டு பச்சைக் கரைச் சேலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வியாபாரம் முடிந்தது.

எங்கள் தட்டில் ஒரு சேலை உண்டு. சாம்பலும் சாணியும் கலந்த நிறம். பூ இல்லை, கரை இல்லை. எந்தக் காலத்தில் வந்த சரக்கோ. அது விற்பதற்கு இல்லை. சுமாரான சேலை ஒன்றைத் தூக்கிக் காட்ட வேண்டுமென்றால் அண்ணாச்சி என் பக்கம் திரும்பாமலே, "எடே, மாமியார வரச்சொல்லு" என்பார். நான் அந்தச் சாம்பல் சேலையை எடுத்து, ஏதோ தவறிப் போனதுபோல, விரித்ததன் பக்கத்தில் போடுவேன். பக்கத்துச் சேலை சட்டென்று முகம் கழுவி வந்ததுபோல ஆகிவிடும். மாமியார் பக்கத்தில் நின்றால் எந்த மருமகளும் அழகிதான் என்பது அண்ணாச்சியின் கணக்கு. எல்லாத் துணிக்கடையிலும் இப்படி ஒரு சேலை இருக்கும். பெயர்தான் கடைக்குக் கடை மாறும்.

ஒரு நாள், பார்த்தால் பள்ளிக்கூட ஆசிரியை போலிருந்த ஒரு அம்மா அந்தச் சாம்பல் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு இதுதான் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"அது விக்கிறதுக்கு இல்லம்மா" என்றார் அண்ணாச்சி.

"விக்காத சேலைய எதுக்கு எடுத்துப் போடுறீங்க?"

"அது எங்க வீட்டு ஆளும்மா. எல்லாக் கல்யாணத்துக்கும் வரும். எல போட்டா மட்டும் உக்காராது."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் சேலையை வைத்துவிட்டாள். அவள் போன பிறகு நான் அதை மடித்தேன். அதன் மடிப்பு மட்டும் எனக்கு மனப்பாடம். எத்தனை தடவை விரித்தாலும் அதே வரியில் வந்து படியும். அண்ணாச்சி என்னைப் பார்த்து, "எடே, எடுப்புன்னு ஒரு சேலைக்குத் தனியா ஒண்ணு கெடயாது பாத்துக்க. பக்கத்துல எவ கெடக்காளோ அவதான் எடுப்பு" என்றார். அப்போது அது கடைப்பேச்சாகத்தான் காதில் விழுந்தது.

அவருக்குத் தொண்டை கட்டியது ஒரு வைகாசியில், இடவப்பாதி மழையில். முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. மழைக்காலம், கத்துகிற தொண்டை. சுக்கும் மிளகும் போட்டுக் குடித்தார். முதலாளி பனங்கற்கண்டு வாங்கிக் கொடுத்தார். "இத்தன வருசம் கத்துனதுக்குத் தொண்டை லீவு கேக்குடே" என்று அண்ணாச்சியே சிரித்தார். மழை விட்டது. தொண்டை விடவில்லை. ஐப்பசியில் அவர் பேசுவது காய்ந்த ஓலையை இழுப்பதுபோலக் கேட்டது. சாப்பாடு இறங்கவில்லை. அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், கட்டாயப்படுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவரைப் பார்க்கப் போனேன். வார்டில் ஜன்னல் பக்கத்துக் கட்டில். மதினி கீழே பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"டாக்டரு என்ன சொல்லுகாருன்னா, சப்தம் போகும், ஆளு கிட்டும்னு சொல்லுகாரு. நல்ல மனுசன். பதமாத்தான் சொன்னாரு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆளும் சத்தமும் எனக்கு ரெண்டாடே?"

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீ எதாவது பேசு. இத்தன வருசம் நீ கேட்டாச்சு. இன்னைக்கு நான் கேக்கேன்."

பேச வேண்டும் என்று எனக்கும் இருந்தது. ஆனால் என்ன பேசுவது? தைரியமாக இருங்கள் என்று அவரிடம் நான் சொல்வது, குழந்தை பெரியவருக்குத் திருநீறு பூசுவதுபோல இருக்கும். கடைசியில் கடையைப் பற்றித்தான் வந்தது.

"புது லோடு வந்திருக்கு அண்ணாச்சி. மயில்கழுத்து வந்திருக்கு."

அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "பக்கத்துல என்ன போட்டே?"

"இன்னும் கட்டுப் பிரிக்கல."

"மஞ்சள் போடு" என்றார்.

அவர் சத்தத்தில் நான் கேட்ட கடைசிப் பேச்சு அது. அதற்குப் பிறகு நர்ஸ் வந்தாள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று என்னை வெளியே போகச் சொன்னாள்.

உயிர் கிடைத்தது. சத்தம் போனது. கழுத்தின் அடியில் மூச்சு விட ஒரு துளை வைத்திருந்தார்கள். அதன் மேல் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்று. அதற்கு மேல் துண்டு. வைகாசி பிறந்ததும் ஒரு காலையில், கடை திறக்கிற நேரத்தில், குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல் மெத்தையில் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தட்டைப் பார்த்தார். மயில்கழுத்தைக் கை காட்டி எடுக்கச் சொன்னார். அதை விரித்து அதன் பக்கத்தில் தானே ஒரு மஞ்சளைப் போட்டார். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் அன்றைக்கே போட்டிருந்தேன், அதுவும் விற்றுப் போய் அடுத்த லோடும் வந்துவிட்டது என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினேன்.

முதலாளி என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

"வே, நான் என்ன செய்யட்டும்? கடைக்கு வாறவங்க துணியப் பாக்கதா, அவன் கழுத்தைப் பாக்கதா? குடோன்ல இருக்கட்டும். சம்பளத்துல கை வைக்க மாட்டேன். நீ பக்குவமா சொல்லு."

நான் பேசாமல் நின்றேன். எனக்கு வேறு வழி தெரியாததால் நின்றேன். அவர் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டார்.

"சரிவே. ஓணம் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள நீ வாயத் தொறந்து யாவாரம் பாத்தேன்னா ரெண்டு பேரும் மெத்தையில இருங்க. இல்லன்னா அவன் குடோனுக்குப் போவட்டும். நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன்."

அன்று சாயங்காலம் அண்ணாச்சியை வீட்டில் விடப் போனபோது மதினியிடம் இதைச் சொன்னேன். அவர் குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து மெதுவாகச் சொன்னார். "கொழுந்தனாரே, குடோன்ல ஆள் முகம் பாக்காம இருந்தா இவிய ஒரு வருசம் தாங்க மாட்டாவ. இவியளுக்கு எதிர்ல நாலு பொம்பளைய உக்காந்து இது வேண்டாம் அது வேண்டாம்னு சொல்லணும். நீங்க கொஞ்சம் பேசுங்க."

கேட்டுக்கொள்ள வேறு ஒன்றும் இல்லாதவர்போல அதை மட்டும் கேட்டார்.

அதனால் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று நினைத்தால் இன்னும் காது சூடாகிறது. என்னிடம் சொந்தமாகப் பேச்சு கிடையாது. அண்ணாச்சியின் பேச்சைத்தான் எடுத்துப் போட்டேன். ஒரு அம்மாவிடம், "மாப்பிள்ளை கறுப்பா செவப்பா" என்று கேட்டுவிட்டேன். குனிந்துகொண்டு, சேலையைப் பார்த்துக்கொண்டு, துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்டேன். அந்த அம்மா எழுந்து முதலாளியிடம் போய், "இவர் என்ன, என் வீட்டு மாப்பிள்ளையப் பத்திக் கேக்கறார்?" என்றாள். அண்ணாச்சி நெற்றியில் அடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து மீட்டர் கம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் சரியாகப் பேசினால் கம்பு பேசாமல் இருக்கும். அளந்துவிட்டால் மெத்தை ஓரத்தில் ஒரு தட்டு. வாயை மூடு என்று பொருள். விரிப்பது அவர், மடிப்பதும் பேசுவதும் நான் என்று ஆயிற்று. அவர் கை இப்போது இன்னும் நன்றாக விரித்தது. வாய் செய்த வேலையையும் கை சேர்த்துச் செய்தது. சேலையை உதறி அது காற்றில் நிற்கும்போதே ஓரத்தைச் சுண்டி எதிரே இருப்பவள் மடிமேல் விழ வைப்பார். நான் இரண்டு சொல் சொல்வேன். "இது அரக்கு. அலம்பினாச் சாயம் போகாது." அவ்வளவுதான். போகிறது என்றால் போகும் என்றும் சொல்லிவிடுவேன். மலையாளப் பெண்களுக்கு இது பிடித்தது. "ஈ சேட்டன் நொண பறயில்லா" என்று, நான் பொய் சொல்ல மாட்டேன் என்று, ஒருத்தி இன்னொருத்தியைக் கூட்டி வந்தாள்.

ஆனால் வந்தவர்கள் எல்லோரும் சேலையை மட்டும் பார்க்கவில்லை. அண்ணாச்சி குனியும்போது துண்டுக்குள்ளிருந்து மூச்சு விடும் சத்தம் வரும். இருமினால் துணி நனையும். அதைப் பார்த்துச் சிலர் ஸ்டூலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். சிலர் எதிர் மெத்தைக்கு மாறிவிடுவார்கள். ஒரு பெண் என் பக்கம் சாய்ந்து, "அது பகருமோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். தொற்றுமா என்று. இல்லை என்றேன். அவள் கேட்டது அவருக்குக் கேட்டிருக்கும். போனது சத்தம்தான், காது போகவில்லை. மறுநாள் கடுத்த வெயிலிலும் சட்டையின் மேல் பொத்தான் வரைக்கும் போட்டு, துண்டைத் தாடை வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு வந்தார்.

அந்த வருட ஓணத்துக்குக் கூட்டம் நன்றாக இருந்தது. ஓணத்துக்கு இரண்டு நாள் முன்னால், உத்திராடத்துக்கு முந்தின நாள், மெத்தையைச் சுற்றி இடமே இல்லை. எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை, நன்றாகப் பேசினேன். மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் பதில் சொன்னேன். ஒரு பாட்டியம்மா விலை குறைக்கக் கேட்டதற்கு ஏதோ சொல்லப்போய் எல்லோரும் சிரித்தார்கள். நான் சொல்லி ஆட்கள் சிரித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. என் முதுகில் தட்டினார்.

"இப்பந்தாம்வே உனக்கு எடுப்பு வந்திருக்கு. இத்தன வருசம் இவன் சத்தத்துக்குப் பக்கத்துல நின்னு உன் சத்தம் கேக்காமலே போச்சு. இப்பம் இவன் இப்படி இருக்கப் போயி நீ எப்படித் தெரியுத பாரு. சொன்ன சொல்லு சொல்லுதான். ரெண்டு பேரும் மெத்தையிலேயே இருங்க."

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். நாங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் முதலாளியைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு எழுந்தார். தட்டுக்குப் போய், கீழ் வரிசையிலிருந்து அந்தச் சாம்பல் சேலையை உருவினார். அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். வழக்கமாக ஒரு நல்ல சேலையை எப்படிக் காட்டுவாரோ அப்படி, கையை விரித்து என்னைக் காட்டினார்.

கடையே சிரித்தது. முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். எதிர் மெத்தைக்காரர்கள் கை தட்டினார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். சிரிப்பில் துண்டு ஏறி ஏறி இறங்கியது. நான் அவர் தோளிலிருந்து சேலையை எடுத்து மடித்தேன். அது பழைய வரியிலேயே படிந்தது.

ஓணம் கழிந்து கடை திறந்த அன்று அவர் மெத்தைக்கு வரவில்லை. நேராகக் குடோனுக்குப் போய்விட்டார். முதலாளி தானே போய்க் கூப்பிட்டார். கையை ஆட்டி மறுத்துவிட்டார். நான் போய் நின்றபோது ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து பழைய சேலைகளின் மடிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கடைப்பக்கம் போ என்று சைகை காட்டினார். நான் நகரவில்லை. அவர் ஒரு சேலையின் மடிப்பைக் காட்டி, மோசம் என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார். அது நான் மடித்தது.

அதன் பிறகு மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு தினமும் குடோனுக்குப் போவேன். அங்கே ஒரு குண்டு பல்பு, கஞ்சி போட்ட துணி வாசனை. அன்றைக்கு யார் வந்தார்கள், எதைப் பிரித்துப் போடச் சொன்னார்கள், எதை எடுத்தார்கள், எந்தத் தாயும் மகளும் சண்டை போட்டார்கள் என்று நான் சொல்வேன். அவர் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே கேட்பார். சில சமயம் கையால், பக்கத்தில் என்ன போட்டாய் என்று கேட்பார். சொல்வேன். சரியென்றால் கண்ணை மூடித் திறப்பார். இத்தனை பேச்சு எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. அவர் கேட்பதற்காகவே கடையில் நடப்பதைக் கவனித்து வைத்துக்கொண்டேன். மெத்தையில் தனியாக நிற்கும்போது அவ்வளவு பேச்சு வராது. ரொம்ப நாளைக்கு என் கண் மீட்டர் கம்பைத் தேடிப் போகும்.

மதினி சொன்னது சரியாகத்தான் ஆயிற்று. அடுத்த வருட மழையில் நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் அதிகம் ஒன்றும் செய்யவில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். ஆடியில் போய்விட்டார். ஆற்றங்கரை வீட்டில் கூட்டம் நிறைய இருந்தது. கடைத்தெருவே வந்திருந்தது. அத்தனை ஆட்கள் இருந்தும் வீடு அமைதியாக இருந்தது எனக்குப் பொருந்தவில்லை.

பதினாறாம் நாளுக்கு முன்பு மதினியின் அண்ணன் நாகர்கோவிலிலிருந்து கடைக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் அன்றைக்குத் தாலி இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுபோய்ப் போட வேண்டும். ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"எடுப்பு இல்லாம ஒண்ணு எடுங்க."

இத்தனை வருடத்தில் அப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஒதுக்கமாகக் கேட்டிருக்கிறார்கள், ஒதுக்கம் வேறு. வெள்ளை எடுத்தேன், வெளிர் எடுத்தேன். பக்கத்தில் எதையும் போடாமல் ஒவ்வொன்றாகத் தனியே விரித்தேன். அவருக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. கண் தட்டின் கீழ் வரிசைக்குப் போயிற்று.

"அந்தா கெடக்கே, சாம்பல். அது போதும்."

"அது விக்கிறதுக்கு இல்ல" என்றேன். என் சத்தம் எனக்கே உரத்துக் கேட்டது. கல்லாவிலிருந்து முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

"பின்ன எதுக்கு வச்சிருக்கிய?"

"அது எங்க வீட்டு ஆளு."

மீதியையும் சொல்ல வாய் எடுத்தேன். இலை போட்டால் உட்காராது என்பது துக்க வீட்டு ஆளிடம் சொல்கிற பேச்சு இல்லை. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் திரும்பி, மேல் தட்டிலிருந்து ஒரு சந்தன நிறம் எடுத்தேன். அதன் ஓரத்தில் நூல் அளவுக்கு மயில்கழுத்துக் கரை.

"கரை இருக்கே" என்றார்.

"இருக்கட்டும். அண்ணாச்சி இருந்து எடுத்துப் போட்டா இதத்தான் போடுவாங்க."

அவர் குனிந்து அந்தக் கரையைப் பார்த்தார். பிறகு மடிக்கச் சொன்னார்.

பதினாறாம் நாள் நானும் போயிருந்தேன். பெண்கள் சூழ மதினி தரையில் உட்கார்ந்திருந்தார். தட்டில் வைத்துச் சேலையைக் கொடுத்தார்கள். அவர் அதைப் பிரிக்கவில்லை. கரையைப் பெருவிரலால் ஒரு தடவை நீவினார்.

"யாரு எடுத்தா?" என்றார்.

அவர் அண்ணன் வாசலில் நின்ற என்னைக் காட்டினார். "அத்தானுக்கக் கூட நின்ன ஆளு."

மதினி நிமிரவில்லை. "கொழுந்தனாரு பேசினாவளா?" என்று கேட்டார்.

"பேசினாரு" என்றார் அண்ணன்.